சல்லடைக்கு வந்த பேட்ச்

பேட்ச்சை அனுப்பியவரின் பெயரைப் படித்ததும் அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தாள். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். திரும்பி வந்து மறுபடியும் படித்தாள். சந்தேகமே இல்லை. அக்கா புருஷன்தான்.

மருத்துவக் கருவி, லிஃப்ட், குளிர்பெட்டி என்று எத்தனையோ பொருள்களுக்குள் உள்ளங்கையளவு கணினி ஒன்று உட்கார்ந்து வேலை பார்க்கிறது. அதற்குள் போக வேண்டிய மென்பொருளை இணையத்தின் பல மூலைகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கி, சரிபார்த்து, ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும் பில்ட் முறை ஒன்றைப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து பொதுவில் நடத்திவந்தார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு பேக்கேஜ். எங்கிருந்து எடுப்பது, எப்படிக் கட்டுவது என்று அதற்குச் சில வரிகள் இருக்கும். அந்த வரிகளை மாற்ற நினைக்கிறவர் மாற்றத்தை பேட்ச்சாக எழுதி, எல்லாரும் பார்க்கும்படி பொது அரங்கில் வைக்க வேண்டும். அதைப் படித்து உள்ளே விடலாமா கூடாதா என்று சொல்லும் சில பேரில் அவளும் ஒருத்தி. அங்கே பாதிப் பேர் புனைபெயரில்தான் உலவினார்கள். அவளுடைய பெயர் சல்லடை. அந்தப் பெயரைக் கேட்டவர்கள் எல்லாரும் அது ஓர் ஆண் என்றே நினைத்தார்கள். அவளும் திருத்தவில்லை.

அவள் இதைச் செய்கிறாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. "கம்ப்யூட்டர்ல ஏதோ டைப் பண்றா, மாசாமாசம் கொஞ்சம் வருது" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அப்படியே இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அந்த வீட்டில் அவள் வேலையைப் பற்றிப் பேசுவது, ஆறிய புண்ணைக் கீறுவதைப் போல.

புண் ஆறவும் இல்லை என்பது வேறு விஷயம்.

படித்து முடித்த கையோடு அவளைத் தன் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அத்தான்தான். இரத்த வங்கிகளில் இரத்தப் பைகளை வைக்கும் குளிர்பெட்டிகளைச் செய்யும் கம்பெனி. அவர் பிரிவுத் தலைவர். அவள் அவருக்குக் கீழே பில்ட் ஓட்டுகிறவள். இணையத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு கோப்புக்கும் விரல்ரேகை மாதிரி ஓர் எண் உண்டு. அது ஒத்துப்போகாவிட்டால் பில்ட் அப்படியே நின்றுவிட வேண்டும். ஒருமுறை வெளியார் ஒருவர், வெர்ஷனை மாற்றாமலேயே தன் கோப்பை மாற்றி வைத்துவிட்டார். பில்ட் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஓர் எச்சரிக்கைகூட வரவில்லை. குளிர்பெட்டிகள் தப்பான வெப்பத்தைச் சரியான வெப்பம் என்று காட்டிக்கொண்டே சூடாகின. பல ஊர்களில் பை பையாக இரத்தத்தைக் கொட்ட வேண்டியதாயிற்று.

விசாரணையில், பேக்கேஜுக்குள் யாரோ ஒரு வரியைச் சொருகியிருந்தது தெரிந்தது: விரல்ரேகை பொருந்தாவிட்டாலும் சத்தம் போடாமல் மேலே போ. எல்லாரும் புழங்கிய பொதுக் கணக்கிலிருந்து அது எழுதப்பட்டிருந்தது. "வேலை சீக்கிரம் முடியணும்னு சின்னப் பொண்ணு செஞ்சிருப்பா. என் சொந்தக்காரப் பொண்ணுதான், இருந்தாலும் நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றார் அத்தான். கம்பெனியின் சாப்பாட்டு ஹாலில் எல்லாரையும் கூட்டிவைத்து, மைக்கில், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். நேர்மையான மனுஷன் என்று அவருக்குப் பெயர் வந்தது. அவளுக்கு வேலை போயிற்று. போன இடமெல்லாம் அந்தக் கதை அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

வீட்டிலும் அதே கதைதான். அவள் இல்லை என்று சொன்னாள், அழுதாள், கத்தினாள். "தெரியாம செஞ்சிருப்பே, விடு" என்று ஆறுதல் சொன்னார்கள். அதன் பிறகு அவள் வாசல் கதவைப் பூட்டினால் அப்பா எழுந்து வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவார். சாகிற வரைக்கும் அப்படித்தான் செய்தார்.

அந்த அத்தான்தான் இப்போது பேட்ச் அனுப்பியிருந்தார். பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் ஒன்று, பொது பில்ட் முறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மென்பொருள் இருந்தால்தான் குளிர்பெட்டி வாங்குவோம் என்று நிபந்தனை போட்டிருந்ததாம். வழக்கமாக இப்படிப்பட்ட வேலையைக் கீழே இருக்கும் யாராவது செய்வார்கள். ஆனால் பொது அரங்கில் தன் பெயர் வர வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை.

மாற்றம் நீளமானது. புது வெர்ஷன், ஒரு பேக்கேஜை இரண்டாகப் பிரித்தது, உரிமக் கோப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில், கூட்டத்தில் ஒளிந்து நிற்கும் ஜேப்படிக்காரனைப் போல, அந்த வரி. எழுத்துக்கு எழுத்து அதே வரி. பழைய கோப்பு எதிலிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியிருக்க வேண்டும்.

அந்த ஒரு வரிக்காகவே மொத்தத்தையும் அன்றைக்கே தூக்கி எறிந்திருக்கலாம். அப்படிச் செய்தால் அவர் வரியை மட்டும் எடுத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். கூடாது.

அவள் அந்த வரியைப் பற்றி மூச்சு விடவில்லை. "பெயர்கள் அகரவரிசையில் இல்லை. சரிசெய்து அனுப்பவும்" என்று மட்டும் எழுதினாள்.

அவர் திருத்தி அனுப்பினார். விளக்கத்தின் முதல் வரி நீளம் அதிகம் என்று திருப்பினாள். மறுபடியும் அனுப்பினார். உரிமத்தின் பெயரைச் சுருக்கமாக எழுதக் கூடாது என்று திருப்பினாள். அடுத்ததில் வரிக் கடைசியில் தேவையில்லாத இடைவெளி. அதற்கும் அடுத்ததில் இடம் மாறிய காற்புள்ளி. எல்லாமே விதிப்புத்தகத்தில் உள்ளவைதான். வேறு யாராவது அனுப்பியிருந்தால் அவளே கையோடு திருத்திச் சேர்த்திருப்பாள்.

ஒவ்வொரு தடவையும் அவரிடமிருந்து, "தங்கள் மேலான கருத்துக்கு மிக்க நன்றி" என்று பதில் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய நன்றி. அவள் அதை இரண்டு மூன்று முறை வாசித்துச் சப்புக்கொட்டினாள்.

அவளுடன் காவல் காத்தவர்களில் மீசை என்று ஒருவர். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மீசையை வைத்திருப்பார். அவர் தனியாகச் செய்தி அனுப்பினார்.

"என்ன சல்லடை, இந்த ஆளுகிட்ட இவ்வளவு கெடுபிடி?"

"நான் சொன்னதுல எது தப்பு?"

"எதுவும் தப்பில்ல. அதான் பயமா இருக்கு. நடுவுல ஒரு வரி இருக்கே, கவனிச்சியா? அதை விட்டுட்டு காற்புள்ளியைத் துரத்திட்டிருக்கே."

"கவனிச்சேன். அது என் பொறுப்பு. கொஞ்ச நாள் விடுங்க."

மீசை சரி என்று எழுதிவிட்டு அடுத்த பேட்ச்சுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவையும் அவளையும் அக்கா சாப்பிடக் கூப்பிடுவாள். அந்த ஞாயிறு அத்தான் தட்டின் முன்னால் உட்கார்ந்ததிலிருந்து பொரிந்து தள்ளினார்.

"எவனோ சல்லடையாம். பெத்தவங்க வச்ச பேரா அது? பொழப்பு கெட்டவன். காற்புள்ளி இடம் மாறிடுச்சாம், திருப்பி அனுப்பிட்டான். ஆஸ்பத்திரிக்காரங்க தினம் போன் பண்றாங்க, எங்க எம்.டி. என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்கிறார்."

"நல்லபடியா பேசிப் பாருங்களேன்" என்றாள் அக்கா.

"எத்தனை தடவைதான் கும்பிடு போடறது? என் வயசென்ன, அனுபவமென்ன!"

அவள் குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். "அனுபவம்னு சொன்னீங்களே அத்தான், அதை எடுத்துச் சொன்னீங்கன்னா அந்த ஆளு அடங்கிடுவாரோ என்னவோ."

"உனக்கென்னம்மா தெரியும் இதெல்லாம். நீ கெட்டிக்காரி, இந்தத் துறையே வேணாம்னு நிம்மதியாப் போயிட்டே."

போயிட்டே என்றார். அவளாகக் காலாற நடந்து போனது மாதிரி. அவள் ஒரு வாய் சோற்றை நன்றாக மென்று விழுங்கிவிட்டு, "ஆமா அத்தான், நிம்மதியா இருக்கேன்" என்றாள்.

மறுநாள் காலையில் சல்லடை அரங்கில் எழுதினாள்: "மற்றவை சரியாக உள்ளன. விரல்ரேகைச் சோதனையைத் தாண்டிப்போகும் இந்த வரி மட்டும் புரியவில்லை. இது உங்கள் நிறுவனத்தில் வேறு யாரோ எழுதியது போல் தெரிகிறது. அப்படியானால் விதிப்படி எழுதியவரின் ஒப்புதல் வேண்டும். எப்போது எழுதப்பட்டது, எந்தக் கருவிகளில் ஓடியது என்ற விவரமும் வேண்டும்."

கேள்வி அவ்வளவுதான். எழுதியவர் வேறு யாரோ என்ற சொல் அவரை எங்கே போய்த் தைக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்தவன் வேலையைத் தன் வேலை என்று சொல்லிப் பழகிய மனுஷன், தன் வேலையை அடுத்தவன் வேலை என்று சொன்னால் தாங்குவாரா?

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பதில் வந்துவிட்டது. பக்கம் பக்கமாக. இந்த வரியை வேறு எவரும் எழுதவில்லை, முழுக்க முழுக்கத் தன் சொந்தச் சிந்தனை. பில்ட் அடிக்கடி நின்று நேரம் வீணானதால், பிரிவுத் தலைவராக இருந்தபோது தானே முன்கை எடுத்து எழுதியது. எழுதிய மாதம், வருஷம் இன்னது. இரத்த வங்கிக் குளிர்பெட்டிகளில் அப்போதே ஓடியது. சந்தேகம் இருந்தால் தன் சொந்தக் கணினியில் உள்ள முதல் பிரதி இதோ, தன் பெயரோடும் தேதியோடும். கீழே, இது என் படைப்பு என்று உறுதி கூறுகிறேன் என்ற வழக்கமான ஒப்புதல்.

அந்தத் தேதி, இரத்தத்தைக் கொட்டிய நாளுக்குச் சில வாரங்கள் முந்தியது.

அவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அவள்தான் கெடுத்தாள் என்ற பேச்சு வெளியே போனதே தவிர, எந்த வரி, எந்தத் தேதி என்ற உள்விவரம் கம்பெனிச் சுவரைத் தாண்டவில்லை. எங்கோ இருக்கும் காற்புள்ளிக்காரனுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துவிட்டார். உள்ளே இருந்தவர்கள் மறந்து போயிருந்தார்கள். மறக்காத ஒருத்தி டைப் அடித்துப் பிழைக்கிறாள்.

அவள் அந்தப் பதிலை அப்படியே பிரதி எடுத்து, மீசைக்கும் மற்ற காவலர்களுக்கும் அனுப்பிவைத்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். திட்டவில்லை. ஒரு சொல்லைக்கூட உரக்க எழுதவில்லை.

"நிராகரிக்கப்படுகிறது. இந்த வரி ஓடிய குளிர்பெட்டிகளில் மாறிய கோப்பு ஒன்று சத்தமில்லாமல் உள்ளே போனது. பல வங்கிகளில் இரத்தம் வீணானது. இந்த வரியை எழுதியதாக உங்கள் நிறுவனம் ஒரு பெண்மேல் பழி சுமத்தி வேலையை விட்டு அனுப்பியது. எழுதியவர் தாமே என்று இன்று உறுதி கூறியதற்கு நன்றி. அந்தப் பெண் நான்தான்." கீழே சல்லடை என்று போடவில்லை. அப்பா வைத்த பெயரை முழுசாகப் போட்டாள்.

அனுப்பிய பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ போர்வையை உதறிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நன்றாகப் பசித்தது.

ஆஸ்பத்திரிக் குழுமத்தார் அந்த அரங்கை நாள் தவறாமல் பார்க்கிறவர்கள். அன்று சாயங்காலத்துக்குள் அவர்கள் கம்பெனியிடம் விளக்கம் கேட்டுவிட்டார்கள்.

அடுத்த நாள் அத்தான் நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்தார்.

"நீயா அது?"

"உக்காருங்க அத்தான்."

"இத்தனை நாளா என்னை ஆட்டிவச்சது நீயா? என் வீட்டுல உக்காந்து என் சோத்தைத் தின்னுக்கிட்டு?"

"சோறு அக்கா போட்டது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு. தேதியைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு வரி எழுதிடு. அவ்வளவுதான் கேக்கறேன். வீட்டு விஷயத்தை இப்படி ஊரெல்லாம் பார்க்கிற மாதிரியா போடறது?"

"வேலை விஷயத்தை வீட்டுக்குள்ள கொண்டுவந்தது நீங்க. எங்க அப்பா என்னைப் பொறுப்பில்லாதவள்னு நெனச்சிட்டே செத்தார். அதுக்கு ஒரு வரி எழுதித் தாங்க, நானும் எழுதறேன்."

"அக்காவை நெனச்சுப் பாரு. குழந்தையை நெனச்சுப் பாரு."

"அன்னைக்கு மைக்கைப் பிடிச்சப்போ நீங்க என்னை நெனச்சீங்களா?"

அவர் கை கூப்பினார். நிஜமாகவே கூப்பினார். அவள் இந்தக் காட்சியை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதிலெல்லாம் தனக்குக் கொஞ்சமாவது இரக்கம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. வராதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே கம்பெனி எம்.டி. போன் செய்தார். நடந்தது வருத்தத்துக்குரியது, நஷ்ட ஈடு தருகிறோம், திரும்ப வேலைக்கு வந்தாலும் சந்தோஷம் என்றார்.

"ரெண்டும் வேணாம் சார். என்னைப் பத்தி எந்த ஹால்ல சொன்னீங்களோ அதே ஹால்ல, எல்லாரையும் கூட்டி, அவர் வாயாலயே சொல்லணும். நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன்."

ஆஸ்பத்திரிக் குழுமம் எம்.டி.யின் கழுத்தில் கத்தி வைத்திருந்தது. ஒப்புக்கொண்டார்.

ஹாலில் மேசைகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். பழைய ஆட்கள் பாதிப் பேர் இல்லை. இருந்தவர்கள் அவளைப் பார்த்ததும் கால் விரலைப் பார்த்தார்கள். அத்தான் மைக்குக்கு முன்னால் ஒரு காகிதத்தோடு நின்றார். முதல் தடவை வாசித்தபோது பாதி வார்த்தைகளை மென்று விழுங்கினார். அவள் கையைத் தூக்கினாள்.

"கேக்கல. திருப்பிப் படிங்க."

திருப்பிப் படித்தார். தான் எழுதிய வரி, தான் சொன்ன பொய், அந்தப் பெண் குற்றமற்றவள். கடைசிச் சொல் முடிந்ததும் யாரோ கைதட்ட ஆரம்பித்து, தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்கள். அவள் யாரோடும் பேசாமல் எழுந்து வெளியே வந்தாள். அந்த மாதக் கடைசியில் அத்தானைப் பதவியிலிருந்து இறக்கி, பிறகு வெளியேயும் அனுப்பினார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் அக்கா வந்தாள்.

வருவாள், கத்துவாள், என் குடியைக் கெடுத்துட்டியே என்பாள் என்றெல்லாம் அவள் எதிர்பார்த்துத் தயாராக இருந்தாள். அக்கா கத்தவில்லை. அவளுடைய அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து, தலையணை உறையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"உன்மேல எனக்குக் கோபமில்லடி."

"கோபப்பட உனக்கு என்ன இருக்கு? நீயும்தானே ஏமாந்தே."

அக்கா நிமிரவில்லை. "நான் ஏமாறல. எனக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரியே அவர் சொல்லிட்டார்."

"என்ன சொல்றே?"

"வயித்துல பிள்ளை. அவர் வேலை போச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். நீ தனி ஆளு, சின்னவ, வேற வேலை கிடைச்சுடும்னு நெனச்சேன். அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு..." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன்னைக் கூப்பிட்டது வேற எதுக்குன்னு நெனச்சே?"

அத்தனை ஞாயிறுகள். தட்டு காலியாக விடாமல் அள்ளி அள்ளி வைத்த கை. அத்தான் செய்தது வெளியிலிருந்து வந்த அடி. இது உள்ளேயே இருந்து அரித்தது. அவர் மேல் இருந்த ஆத்திரமெல்லாம், கூட்டிப் பெருக்கி ஒரே இடத்தில் குவித்தது போல அக்கா மேல் வந்து நின்றது.

"எழுந்திரு" என்றாள்.

"எங்கே?"

"அம்மாகிட்ட. இதை அப்படியே சொல்லு. நான் நிக்கறேன்."

"வேணாம்டி, அம்மாவுக்கு மனசு தாங்காது."

"என் மனசு தாங்கிச்சில்ல? எழுந்திரு."

அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா எதிரில் உட்கார்ந்து, திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கதவு நிலையில் சாய்ந்து கேட்டாள். அக்கா எங்காவது தாண்டிப் போனால், "அதையும் சொல்லு" என்றாள்.

அம்மா மடித்த துணியை மடியிலேயே வைத்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, சின்னவளைப் பத்திக் கவலைப்பட்டுப் புலம்பினாரே. அப்ப நீ பக்கத்துலதானே இருந்தே?"

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு அவள் வெளியே வரவில்லை.

இப்போது அக்கா ஒரு மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறாள். அத்தானுக்கு எங்கோ தூரத்தில் சின்ன வேலை. வாரம் ஒருமுறை வந்து போகிறார். சனிக்கிழமைகளில் அக்கா தன் பெண்ணைக் கொண்டுவந்து வாசல் கேட்டருகே விடுவாள். குழந்தை படியேறி ஓடிவந்து சித்தியின் மேல் விழும். அதற்கு இது எதுவும் தெரியாது. சித்தி மடியில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டுவதுதான் அதற்கு உலகம். அம்மா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தபடி, "நிக்கறா பாரு. வெயில்ல நிக்கறா. மேல வரச் சொல்லேன்" என்பாள். அம்மாவின் கோபம் கரைந்து வெகு நாளாயிற்று.

அவளும் ஜன்னலுக்கு வருவாள். அக்கா நிமிர்ந்து பார்ப்பாள். ஒரு சொல், ஒரு கையசைப்பு போதும், அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறி வந்துவிடுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

"நிக்கட்டும்மா" என்பாள்.